கடாரத்துக்கு இரண்டு வழிகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி வெட்டப்பட்டிருக்கிறது. 1025ஆம் ஆண்டுவாக்கில் அவன் கடற்படை வென்ற கடாரம் அதில் இடம்பெறுகிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. மலேசியாவில் பேராவுக்கு அடுத்த மாநிலம். பேராவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கல்விப் பயணம் போன பிள்ளைக்கு அந்தக் கல்லின் முன்னால் மெய்சிலிர்க்காமல் இருக்குமா? ஆனால் அதே பிள்ளையின் கொள்ளுத்தாத்தா இதே கடலை, கூலிக்கு ஆள்சேர்த்த கங்காணியின் பின்னால் கடந்தவர். அவர் கதையை எந்தச் சுவரும் சொல்வதில்லை. நம் பயண நிரல்களும் பெரும்பாலும் சொல்வதில்லை.

தாய்த்தமிழகப் பயணம் இன்று மலேசியத் தமிழரிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம். பள்ளிகளும் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளும் ஏற்பாடு செய்கின்றன. தமிழ்நாடு அரசும் 18 முதல் 30 வயது வரையுள்ள அயலகத் தமிழ் இளைஞருக்காக ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தை 2023இல் தொடங்கியது. எனவே இந்த வழக்கம் எதைக் கொடுக்கிறது, எதை மறைக்கிறது என்று எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

கொடுப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிறுபான்மையாகவே வளர்ந்த பிள்ளை, பேருந்துப் பலகையிலும் வங்கிப் படிவத்திலும் காவல் நிலைய வாசலிலும் தமிழைப் பார்க்கிறது. வீட்டிலும் கோயிலிலும் ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளியிலும் மட்டுமே புழங்கிய மொழி, ஒரு மாநிலத்தையே நடத்தும் மொழியாகக் கண்முன் நிற்கிறது. இதை எந்தப் பாடநூலாலும் தர முடியாது. கீழடி அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் யாரோ கீறிய பெயரைப் பார்க்கும்போது தமிழின் தொன்மை மேடைப் பேச்சிலிருந்து இறங்கிக் கைக்கெட்டும் பொருளாகிவிடுகிறது.

எதிர்பாராத பாடங்களும் உண்டு. காலையில் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கும் நம் பிள்ளையைச் சென்னைக்காரர் வியந்து பார்க்கிறார், நம் பிள்ளை ‘பேருந்து’ என்றால் அவர் ‘பஸ்’ என்கிறார். தாயகத்தில் எல்லாம் தூய தமிழாக இருக்கும் என்ற கற்பனை உடைகிறது. நம் தமிழ் ஒட்டுக்கன்று அன்று, தனியே வேர்விட்ட மரம் என்ற தெளிவு பிறக்கிறது.

இனி குறைகள். பத்து நாளில் மாமல்லபுரம், தஞ்சை, மதுரை, கன்னியாகுமரி என்று ஓடும் பயணத்தில் பாதிப் பொழுது பேருந்திலேயே கழிகிறது; மீதியில் ஒரு பங்கைத் தியாகராய நகர்ப் புடவைக் கடைகள் எடுத்துக்கொள்கின்றன. செலவைப் பெற்றோரே ஏற்கும் பயணங்களில் தோட்டப்புறத்துப் பிள்ளை பெரும்பாலும் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. திரும்பி வந்தபின் படங்கள் மிஞ்சுகின்றன. எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. பெரிய குறை வேறு. நாம் அரசர்களின் தமிழகத்தைப் பார்க்கிறோம். நம்மை அனுப்பிவைத்த தமிழகத்தைப் பார்ப்பதில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயாவுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்த முகாம்கள் இருந்தன. ‘ராஜுலா’ போன்ற கப்பல்கள் நாகையில் ஆள் ஏற்றிப் பினாங்கில் இறக்கின. கங்காணி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை நீடித்தது. கடனும் பஞ்சமும் சாதியும் சேர்ந்து துரத்தியவர்கள்தாம் அவர்களில் கணிசமானோர். இன்றும் பூர்வீகக் கிராமத்தைத் தேடிப் போகிறவரிடம் “எந்த ஊர்?” என்பதற்கு அடுத்து “எந்தத் தெரு?” என்ற கேள்வி வரலாம். அது ஏன் கேட்கப்படுகிறது என்று பிள்ளைக்குச் சொல்லாமல் அழைத்துப் போவது கல்விப் பயணம் ஆகாது.

வளரும் பிள்ளைக்குப் பெருமையைக் கொடுப்போம், அவலத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. தாழ்வு மனப்பான்மை நம் சமூகத்தைத் தின்றது கொஞ்சமல்ல. ஆனால் இரவல் பெருமை ஊர் திரும்பியதும் வெளுத்துவிடும். சோழர் வாரிசு என்று சொல்லி வந்த பிள்ளை, லயத்து வீட்டில் பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன பாட்டியிடம் அந்தப் பெருமையை எங்கே பொருத்தும்?

சுங்கை சிப்புட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. இவ்வூரில் 1919இல் பிறந்த வீ. தி. சம்பந்தன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடையதும் தாயகக் கல்விப் பயணம்தான்; ஆனால் பத்து நாள் சுற்றாமல் அங்கேயே தங்கிப் படித்தார். திரும்பி வந்து 1954இல் மகாத்மா காந்தி கலாசாலையைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார்.

ஆகவே பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டில் தொடங்கச் சொல்கிறேன். விமானம் ஏறுமுன் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்கட்டும்: எந்த ஊர், எந்தக் கப்பல், சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போனவர் யார், 1948 ஜூனில் எல்பில் தோட்டத்தில் துரை சுடப்பட்டு அவசரகாலம் வந்தபோது குடும்பம் எங்கே இருந்தது? அந்தக் குறிப்பேட்டோடு போகட்டும். ஓரிரு ஊரைக் குறைத்து, நாகைத் துறைமுகத்தில் ஒரு முழுநாள் நிற்கட்டும்.

அப்போது தஞ்சைக் கல்வெட்டின் முன் நிற்கும் பிள்ளைக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் இருக்கும். நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய மண் அது. கடாரத்தில் தமிழர் கால்வைத்தது ஒருமுறை மட்டுமல்ல. இரண்டாவது முறை விலை கொடுத்து வாங்கினார்கள்.