புள்ளியைத் தின்னும் துப்புரவு: பழைய கிதாபுகளும் நமது கணினிப் பதிப்புகளும்

பழைய நூலொன்று கையில் கிடைத்தால் உடனே ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றி, எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்து, தட்டச்சுப் பிரதியாக வெளியே எடுத்துவிடும் வழக்கம் நம்மவர் மத்தியில் இப்போது பரவி வருகிறது. வரவேற்க வேண்டிய வழக்கம்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இல்லாதிருந்தால் இலங்கையின் எத்தனையோ தமிழ் ஏடுகளை இன்று நம்மால் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. அதற்கு ஏழாண்டுகள் முன்னர், 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் ஆரம்பமானபோது ஆர்வலர்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கையால் தட்டித்தான் நூல்களை ஏற்றினார்கள். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரம் சில நொடிகளில் செய்துவிடுகிறது. எடுத்து முடித்ததும் "நூலக் காப்பாத்தியாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்கிறோம். என் ஆட்சேபம் அந்த வார்த்தை மேல்தான். படத்தைக் காப்பாற்றுவதும் பாடத்தைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. நம்முடைய நூல்களைப் பொறுத்தமட்டில் இரண்டுக்குமான தூரம் மற்றவர்களுடையதைவிட அதிகம்.

ஏன் அதிகம் என்பதற்கு ஒரு புள்ளியே போதும்.

மலையகத்தில், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கங்களில், ஒரு கிதாபைப் பத்து வருஷம் பெட்டியில் வைத்து எடுத்தால் அது எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊர். தாளில் பூஞ்சணம் பிடித்துப் பழுப்புப் பொட்டுகள் விழுந்திருக்கும். மறுபக்கத்து மை இந்தப் பக்கம் ஊறியிருக்கும். இப்படியொரு பக்கத்தை ஸ்கேன் செய்பவர் முதலில் தேடுவது படத்தைத் துப்புரவாக்கும் கட்டளையைத்தான். சிறு கறைகளை நீக்கும் வடிகட்டி ஏறக்குறைய எல்லாப் பட மென்பொருளிலும் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான கரும்பொட்டு எதுவோ, அதையெல்லாம் அது அழுக்கு என்று எடுத்துக்கொண்டு வெள்ளையடித்துவிடும். பக்கம் பளிச்சென்று ஆகிவிடும். பார்ப்பவருக்குச் சந்தோஷம்.

ஆனால் தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருப்பதும் ஒரு சிறு கரும்பொட்டு. பழைய அச்சில் தேய்ந்துபோன எழுத்துருவில் அது பூஞ்சணப் பொட்டைவிடச் சிறியது. வடிகட்டிக்கு இரண்டும் ஒன்று. 'கல்வி' என்ற சொல்லில் அந்தப் பொட்டு போனால் என்ன மிஞ்சும் என்று வாசகர்களே எழுதிப் பார்க்கலாம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, சமூகத்தின் கல்விக்காகவே பேனா பிடித்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) போன்ற ஒருவருடைய எழுத்தில் அந்தச் சொல் அப்படி மாறினால் அது வெறும் அச்சுப்பிழை அல்ல, அவமரியாதை. எழுத்துப்பிழை திருத்தியும் இதைப் பிடிக்காது. ஏனென்றால் மிஞ்சுவதும் அகராதியில் உள்ள சொல்தான். இயந்திரம் தட்டுத்தடுமாறிப் பிதற்றினால் நமக்குத் தெரிந்துவிடும். சரளமாகத் தப்பாகச் சொல்லும்போதுதான் தெரிவதில்லை.

தமிழெழுத்துக்கே இந்தக் கதி என்றால் அரபுத்தமிழை நினைத்துப் பாருங்கள். அரபு மொழியில் இல்லாத நம் ஒலிகளுக்காக முன்னோர் புதிதாக எழுத்துகளை வார்க்கவில்லை. இருக்கிற எழுத்தின் மேலோ கீழோ புள்ளியைக் கூட்டினார்கள். ஃபே எழுத்தின் கீழே புள்ளியிட்டால் பகரம், ரே எழுத்தின் கீழே புள்ளியிட்டால் றகரம், நூன் எழுத்தின் கீழே இன்னொரு புள்ளி சேர்ந்தால் ணகரம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மஙானீ' போன்ற கிதாபுகளை ஓதிய நம் மூத்தம்மாமாருக்கு இது தண்ணிபட்ட பாடு. அங்கே புள்ளி போனால் எழுத்தே வேறு எழுத்தாகிவிடும். தமிழ்ப் பக்கத்தில் துப்புரவு செய்யும் வடிகட்டி ஒரு சொல்லைக் கெடுக்கும். அரபுத்தமிழ்ப் பக்கத்தில் அது வரி வரியாகத் தின்றுவிடும்.

புள்ளியால் வரும் இந்தக் கேடு நமது அறிவு மரபுக்குப் புதியதும் அல்ல. ஹதீஸ் கலையில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு: தஸ்ஹீஃப். புள்ளியையோ எழுத்தையோ மாற்றி வாசித்ததால் பிறழ்ந்த அறிவிப்பு 'முஸஹ்ஹஃப்'. ஹிஜ்ரி 382இல் மறைந்த அபூ அஹ்மத் அல்அஸ்கரி, ஹதீஸ் அறிஞர்களின் இத்தகைய பிறழ்வுகளைத் திரட்டித் தனி நூலே எழுதினார். இப்னுஸ் ஸலாஹ் தமது முகத்திமாவில் எடுத்துக்காட்டும் ஒன்று நம் எல்லோருக்கும் பழக்கமான ஹதீஸிலேயே நிகழ்ந்தது. றமழானை நோற்று, தொடர்ந்து ஷவ்வாலில் ஆறு நோற்பவர் பற்றிய ஹதீஸ் அது. அபூபக்ர் அஸ்ஸூலி என்ற பேரறிஞர் அதில் 'ஸித்தன்' (ஆறு) என்ற இடத்தை 'ஷைஅன்' (ஏதோ கொஞ்சம்) என்று எழுதச் சொல்லிவிட்டார். புள்ளிகளின் இடமும் எண்ணிக்கையும் மாறியதும் ஆறு நோன்பு 'ஏதோ கொஞ்சம்' ஆகிவிட்டது. அறிவுள்ள மனிதருக்கே இது நடக்குமென்றால் அறிவில்லாத கருவிக்கு நடக்காதா?

அந்த மரபு நோயை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மருந்தையும் சொன்னது: முகாபலா. எழுதிய பிரதியை மூலத்தோடு வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது. உர்வா இப்னு ஸுபைர் தம் மகன் ஹிஷாமிடம், எழுதியதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லையென்றால் நீ எழுதவே இல்லை என்ற கருத்துப்படச் சொன்னார் என்பது அக்கலை நூல்களில் பதிவாகியிருக்கிறது. இந்த அளவுகோலை இன்றைக்கு வைத்துப் பார்த்தால் நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டச்சுப் பிரதிகளில் எத்தனை 'எழுதப்பட்டவை'?

இனி, இயந்திரத்தின் மற்றத் தடுமாற்றங்களுக்கு வருவோம். 1985 முதல் 1994 வரை எச்.பி. நிறுவனத்தில் உருவாகி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்த டெசரக்ட் மென்பொருளுக்குத் தமிழ்ப் பயிற்சிக் கோப்பு உண்டு, அரபுக் கோப்பும் உண்டு. அரபுத்தமிழுக்கு என்று ஒன்று அதன் அதிகாரபூர்வத் தொகுதியில் இல்லை. ஆகவே அரபுத்தமிழ்ப் பக்கத்தை அரபுக் கோப்பிடம் கொடுத்தால் அது தெரியாத எழுத்தைத் தெரிந்த எழுத்தாக எண்ணிக்கொள்ளும். பகரம் ஃபே ஆகும், றகரம் ரே ஆகும். தமிழ் அச்சு நூல்களிலும் சிக்கல் இருக்கிறது. 1978இல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய நூல்களில் ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போல் வளைந்த கொம்போடும் இருக்கும். புதிய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அவற்றின் முன் திணறும். தமிழ் வரிக்கு நடுவே ஓர் ஆயத்தோ துஆவோ அரபில் வந்துவிட்டால், இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்த வாசிப்பு வலமிருந்து இடம் திரும்பத் தெரியாமல் முட்டி நிற்கும்.

இவையெல்லாம் தொழில்நுட்பக் குறைகள். நாளை தீரலாம். எனக்குப் பெரிய கவலை, எழுத்தை எடுத்த பிறகு நாம் செய்யும் 'திருத்தம்' பற்றியது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா' தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மூத்த நூல். மசலா என்பது நாம் தமிழுக்குக் கொடுத்த இலக்கிய வகைகளில் ஒன்று. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று அந்த வரிசை நீளும். பொதுத்தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு தானாகத் திருத்தும் கருவிக்கு 'மசலா' பிழையாகத்தான் படும். அதற்குத் தெரிந்தது 'மசாலா'. மார்க்கக் கேள்விகளின் நூல் அதன் கையில் சமையலறைக்குப் போய்விடும். 'பறுளு', 'சுன்னத்து', 'ஹயாத்து', 'மௌத்து' என்று நம் கிதாபுகள் எழுதுவதெல்லாம் அந்த அகராதிக்கு வெளியே நிற்பவை.

கருவி செய்வதை நம் பதிப்பாளர்களும் செய்கிறார்கள் என்பதே வருத்தம். 'றமழான்' என்று மூலத்தில் இருப்பதை 'ரமலான்' ஆக்குவது, 'வுழூ'வை 'ஒளு' ஆக்குவது, எல்லா நூல்களிலும் பெயர்களை ஒரே எழுத்தில் கொண்டுவருவது. "வாசிக்கிறவங்களுக்கு லேசா இருக்கட்டுமே" என்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அரபின் ழாத் ஒலிக்கு நம்முடைய சிறப்பு ழகரத்தை எடுத்துக்கொண்ட அந்தத் துணிச்சல் ஒரு சமூகம் இரண்டு மொழிகளைக் காதில் வைத்திருந்ததன் தடயம். எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்த உச்சரிப்போடு ஒரு நூல் எழுந்தது என்பதை எழுத்துக்கூட்டல்தான் காட்டிக்கொடுக்கும். அதைச் சமன் செய்துவிட்டு, பிறகு இலங்கை முஸ்லிம் தமிழின் வரலாற்றை எங்கே தேடுவது? வாசிப்பு வசதிக்குத் தனிப் பதிப்பு போடட்டும். மூலப் பதிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது.

இன்னொரு கருவி வெட்டும் கருவி. பக்கத்தின் ஓரங்களைச் சீராக வெட்டி நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். எழுத்துணரிக்கு அதுதான் வசதி. ஆனால் கிதாபின் முன்தாளில் பிள்ளை பிறந்த நாளையும் பெரியவர் மௌத்தான நாளையும் எழுதி வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். வக்ஃபு குறிப்பும் கைமாறிய விவரமும் ஓரத்தில்தான் இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமோ இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. மலையகத்தில் இலட்சக்கணக்கானோர் அத்தாட்சி இல்லாமல் நாடற்றவர்களானார்கள். அந்தத் துயரம் சட்டத்தில் முற்றாகத் தீர 2003 வரை ஆனது. தோட்டத்துத் தொழிலாளரோடு இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களும் அந்த வலையில் அகப்பட்டன. அந்தச் சரித்திரம் நமக்குத் தெரிந்திருக்கும்போது, ஒரு கிதாபின் ஓரத்தில் மங்கிய மையில் இருக்கும் ஒரு பெயரையும் தேதியையும் அழுக்கென்று வெட்டி எறிய மனம் வரலாமா? அச்சான பகுதிக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைக்கக்கூடும். கையால் எழுதிய அந்த ஓரத்துக்கு உலகத்தில் இரண்டாம் பிரதி கிடையாது.

குறை சொல்லி நிறுத்துவது நியாயமல்ல. செய்யக்கூடியவை எளியவை, பணமும் அதிகம் தேவையில்லை. ஸ்கேன் ஆகக் குறைந்தது 300 டிபிஐ அளவில் இருக்கட்டும். அரபுத்தமிழுக்கும் பொடி எழுத்துக்கும் 600 நல்லது. கறுப்பு வெள்ளையாக எடுக்காமல் நிறத்தில் எடுத்தால் பூஞ்சணத்தின் பழுப்பும் மையின் கறுப்பும் வேறாகத் தெரியும். புள்ளி எது, பொட்டு எது என்று தீர்மானிக்க அந்த நிற வேறுபாடுதான் சாட்சி. ஜேபெக் வடிவம் எழுத்தைச் சுற்றிக் கலங்கலை உண்டாக்கும் என்பதால் மூலப் படத்தை டிஃப் வடிவில் வைக்க வேண்டும். பின்பக்க மை தெரிகிற தாளுக்குப் பின்னே ஒரு கறுப்புத் தாளை வைத்தால் பாதிப் பிரச்சினை படமெடுக்கும்போதே தீரும். மூலப் படத்தில் கை வைக்கவே கூடாது. சாய்வைச் சரிசெய்வதும் ஒளியைக் கூட்டுவதும் நகலில்தான். கறை நீக்கும் வடிகட்டியை நகலில்கூட மூடிவைப்பதே புத்தி. சிதைந்த எழுத்தைப் பட மென்பொருளில் வரைந்து நிரப்பிவிட்டு அதையே மூலத்தின் படம் என்று வெளியிடுவது மோசடி என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. தெரியாத எழுத்து தெரியாத எழுத்தாகவே அடைப்புக்குறிக்குள் நிற்கட்டும்.

திருக்குர்ஆன் வசனங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் எழுத்துணரியிடம் கொடுக்கக்கூடாது. தன்ஸீல் திட்டம் போன்றவை சரிபார்த்து வெளியிட்டுள்ள யுனிகோட் பாடத்திலிருந்து எடுத்து வைத்து, ஹாபிழ் ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்கு விட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக முகாபலா. கணினி தெரிந்த பிள்ளைகள் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் இருக்கிறார்கள். அரபுத்தமிழ் ஓதத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். பிள்ளை திரையில் இருப்பதை வாசிக்க, மூத்தம்மா கிதாபில் விரல் வைத்துப் போகட்டும். எந்த மென்பொருளும் தர முடியாத திருத்தம் அப்போது கிடைக்கும். மென்பொருள் வருஷா வருஷம் தேறிக்கொண்டே போகும், நாம் காத்திருக்கலாம். ஓதத் தெரிந்த அந்த வாய்களுக்குக் காத்திருக்க அவகாசமில்லை. படங்கள் சேர்ந்துவிட்டன என்று ஆறுதல் கொள்ளும் நம் ஆய்வாளர்கள், அந்தப் படங்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்.