வாயில்லா ஜீவன்களின் வைத்தியர்

சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில், நாயையும் பூனையையும் பரீட்சிக்கும் வைத்தியரின் கைகளைச் சற்று நேரம் கவனிப்பவர்கள், நோயாளி ஒரு வார்த்தையும் சொல்லாதிருக்க, அதன் தேகத்தையே சாட்சி சொல்ல வைக்கும் அபூர்வமான வித்தையைக் காண்பார்கள். ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எவ்வளவு நேரமாகிறதென்று நோக்கி ரத்த ஓட்டத்தை அறிகிறார்; பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி, அது தாமதமாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறதென்று நிச்சயிக்கிறார்; தொடையின் உட்புறத்தில் நாடி பார்க்கிறார். 102 டிகிரி நமக்குக் காய்ச்சல்; நாய்க்கோ அது சுகம்.

பூனையிடம் இந்தச் சாமர்த்தியம் இன்னும் நுட்பமாகிறது. அவசரப்பட்டுப் பிடிப்பவருக்கு நகக்கீறலே மிச்சம். துண்டினால் இதமாகப் போர்த்தி, தலையை மட்டும் வெளியே விட்டு, மெல்லிய குரலில் பேசுபவருக்கே அது இணங்கும். அந்தப் பொறுமையை நான் மருந்துக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

பிராணிகளை வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம்; ஆகையால் சுயவைத்தியம் வேண்டாம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.