ஏக்கத்தை விடுங்கள், பார்ப்பவரைப் பாருங்கள்

வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்களைப் பற்றிய கதைகளில் வாசகர்கள் முதலில் தேடுவது ஏக்கத்தைத்தான். ஊறுகாய், புடவை, ஊரிலிருந்து வரும் கடிதம் என்று நாலு சாமான்கள் கண்ணில் பட்டால் போதும், 'அடையாளச் சிக்கலை அருமையாகச் சொல்லியிருக்கிறார்' என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம். இப்படிப் படித்தால் பத்துக் கதையும் ஒரே கதையாகத்தான் தெரியும். ஏங்குகிறவரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கதைக்குள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், அவர் வீடு எப்படிப்பட்டது என்று கவனித்தால், ஒவ்வொரு கதையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

ஜும்பா லாஹிரியின் முதல் தொகுப்பான 'இன்டர்ப்ரட்டர் ஆஃப் மாலடீஸ்' 1999-இல் வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதில் 'மிஸஸ் சென்ஸ்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். பேராசிரியரின் மனைவியான மிஸஸ் சென், அமெரிக்க அடுக்ககம் ஒன்றில் தரையில் செய்தித்தாளை விரித்து, அரிவாள்மனையில் காய் நறுக்குகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பள்ளி விட்டதும் அவள் பொறுப்பில் விடப்படும் எலியட் என்ற பதினொரு வயது அமெரிக்கச் சிறுவன். ஊரில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடி இரவு முழுக்க அரட்டையடித்தபடி மூட்டை மூட்டையாகக் காய் நறுக்குவதை அவள் சொல்கிறாள். பிறகு, இங்கே தான் வீரிட்டு அலறினால் யாராவது வருவார்களா என்று அவனிடமே கேட்கிறாள். ஏக்கத்தைத் தேடும் வாசகர் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுவார். கதையின் கூர்மையோ எலியட்டின் நினைவில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் விருந்து நடந்தது; அவனையும் அம்மாவையும் யாரும் அழைக்கவில்லை; கடைசியில் அம்மா டெலிபோன் டைரக்டரியில் அந்த வீட்டு எண்ணைத் தேடி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். அதனால்தான், அலறினால் ஆள் வரும் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சத்தமாக இருக்கிறதென்று புகார் செய்யக்கூடும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒட்டாமல் தவிப்பவள் கொல்கத்தாக்காரி என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பிக்கிறோம். அந்த மண்ணிலேயே பிறந்த எலியட்டின் அம்மாவும் அங்கே ஒட்டவில்லை என்பதை அந்தப் பையனுக்கே தெரியாமல் அவன் வாயால் கேட்டுவிடுகிறோம்.

அதே தொகுப்பில் மிஸ்டர் பிர்ஸாதா கதையில் பார்ப்பவள் லிலியா, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளரும் சிறுமி. ஆண்டு 1971, வங்கதேச விடுதலைப் போரின் காலம். மனைவியையும் ஏழு பெண்களையும் அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் விட்டுவந்த விருந்தாளி பிர்ஸாதா, ஊர் நேரம் காட்டும் பைக்கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் உண்கிறார். லிலியாவுக்குப் பள்ளியில் பாடம் அமெரிக்கப் புரட்சி. நூலகத்தில் பாகிஸ்தான் பற்றிய புத்தகத்தைப் புரட்டும்போது, பாடத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஆசிரியை தடுக்கிறார். தான் யார் என்ற கேள்வி அவளுக்குள் விழுவது அந்த அலமாரி ஓரத்தில்தான்.

அமெரிக்கக் குழந்தையின் கண்ணால் காட்டுவது அமெரிக்க வாசகருக்குப் பந்தி விரிப்பதுதானே என்று கேட்கலாம். கொஞ்சம் உண்மைதான். அரிவாள்மனையோடு வளர்ந்தவருக்கு அதன் வர்ணனை நீளம் என்றே படும். ஆனால் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போக அந்தக் கண்ணை லாஹிரி விடுவதில்லை. அதன் சொந்த வீட்டையும் திறந்து காட்டிவிடுகிறார்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: இவையெல்லாம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழும் நடுத்தர வர்க்கத்தின் கவலைகள், விசா இல்லாதவனுக்கு அடையாளம் பற்றி யோசிக்க நேரமேது? அங்கேயும் யார் பார்க்கிறார் என்ற கேள்வி செல்லும், திசை மட்டும் மாறும். கிரண் தேசாயின் 'தி இன்ஹெரிட்டன்ஸ் ஆஃப் லாஸ்' 2006-இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். அதில் பிஜு நியூயார்க் ஓட்டல் அடுக்களைகளில் உரிய ஆவணங்கள் இல்லாமல் மாறி மாறி வேலை செய்கிறான். அந்த நகரம் அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்ப்பவர் கலிம்போங்கில் ஒரு நீதிபதி வீட்டில் சமையல்காரராக இருக்கும் அவன் அப்பா. கடிதங்களை வைத்துக்கொண்டு மகனைப் பெரிய உத்தியோகஸ்தனாக்கி ஊரெல்லாம் பெருமை பேசுகிறார். ஊரிலிருந்து வரும் அந்தப் பார்வைதான் பிஜுவுக்குப் பெரிய பாரம்.

பென்யாமினின் மலையாள நாவல் 'ஆடுஜீவிதம்' (2008) இன்னும் கடுமையானது. சவுதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கச் சிக்கிக்கொண்ட நஜீபைப் பார்ப்பது தொலைநோக்கியும் துப்பாக்கியும் வைத்திருக்கும் முதலாளி, அதாவது 'அர்பாப்'. மலம் கழித்துவிட்டுக் கழுவத் தண்ணீர் எடுத்ததற்கே அடி விழுகிற இடத்தில், நஜீப் ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயர்களை வைக்கிறான். எந்த ஆட்டுக்கு யார் பெயர், ஏன் என்று அவன் சொல்லும் பகுதி பல இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். பக்கம் பக்கமாக அழவைக்கும் ஏக்கத்தைவிட அந்தக் குறும்பில் ஊர் நெருக்கமாகத் தெரிகிறது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாமல் நிதானமாகப் படியுங்கள்.