நூல்நிலையமும் நற்பரிந்துரையும்

நூல்நிலையத்தில் நூல்கள் நிறைந்திருத்தல் வேறு. அவை படிக்கப்பெறுதல் வேறு. மேலைநாட்டு நூல்நிலையங்களில், கோடை விடுமுறை தொடங்குமுன் பணியாளர் ஒவ்வொருவரும் தாம் சுவைத்த நூல்கள் சிலவற்றைத் தம் பெயரிட்டுக் காரணமும் கூறி வளர்ந்தோர்க்கு எடுத்துரைக்கும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் நம் தமிழ் வாசகர்க்குப் பயன்படுமா, பயன்படுமாயின் எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

இதன் அடிப்படைக் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. கணக்கு ஆசிரியராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது. மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்பது. மூன்றாம் விதி நிறைவேற, நூலகர் காவலராய் அமர்ந்திருத்தல் போதாது. நூலின் சார்பில் வாசகரிடம் பரிந்து பேசுதல் வேண்டும் என்றும் அவர் கருதினார்.

மலாக்காவுக்கு இப்பணி மிகவும் வேண்டியதாகும். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்ட மாநிலம் இது. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் பல தலைமுறைத் தமிழர் வாழ்வு பால்மரத்தோடு பிணைந்தது. ஆயின் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின், இடைநிலைப் பள்ளியில் தமிழ் விரும்பியோர் கற்கும் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. பன்னிரண்டாம் வயதில் ஆசிரியர் விட்ட கையை நாற்பதாம் வயதில் பற்றுவார் யார்? பாடநூலோடு நின்றுவிட்ட அவ்வாசகர்க்கு வெறும் நூற்பட்டியல் வழிகாட்டாது.

பட்டியல்கள் பெரும்பாலும் பரிசையும் புகழையுமே காரணமாகக் காட்டுகின்றன. அகிலன் 'சித்திரப்பாவை'க்காக ஞானபீடப் பரிசு பெற்றவர் என்பது அவர்தம் பெருமையைச் சொல்லும். வாசகரின் தேவையைச் சொல்லாது. அவருடைய 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலை எடுத்துக்காட்டுவோர், தமிழகத்திலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர் கண்ட தோட்ட வாழ்வைத் தாம் அறிந்த வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குக என்று கூறலாம். மரம் சீவி வளர்ந்த குடும்பத்தார்க்கு அதுவே தக்க நுழைவாயில்.

1972-இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வேறு வகைத் துணையை வேண்டுவது. மெடானும் பினாங்கும் களமாக, இரண்டாம் உலகப் போர்க்காலத் தமிழர் அதில் நடமாடுகின்றனர். பல மொழிச் சொற்களும் இலக்கிய நினைவுகளும் கலந்த நடை புதியவரைத் திகைக்கச் செய்யும். எனவே, தொடக்கத்தில் விளங்காத சொற்களுக்கு அஞ்சாது மேலே செல்க என்று முன்னரே உரைத்தல் வேண்டும். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' சயாம் மரண ரயிலைப் பேசுவது. உறவினரை அப்பாதையில் இழந்த குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு. அந்நூலை அவர்கள் கையில் தருவோர் அவர்தம் துயரமும் அறிந்து தருதல் வேண்டும்.

பரிந்துரைக்கும் குற்றங்கள் உண்டு. படியாமலே புகழ்தல் ஒன்று. நண்பர் நூலை உயர்த்துதல் மற்றொன்று. தம் சுவையே யாவர்க்கும் சுவை எனக் கொள்ளுதல் மூன்றாவது. இவற்றுக்கு மருந்து எளியது. ஒரு நூல் யாருக்கு ஏற்கும் என்பதோடு யாருக்கு ஏற்காது என்பதையும் எழுதி, கீழே பெயரிடுக. வாசகர் நூலைத் திருப்பித் தருங்கால் அவர் கருத்தைக் கேட்டு, அடுத்த பரிந்துரையைத் திருத்துக. திறனாய்வின் முதற்பாடமும் இதுவே.

நம் நாட்டில் கோடை என்று தனிப்பருவம் இல்லை. எனினும் பள்ளி நெடுவிடுமுறை உண்டு. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் நாட்களும் உண்டு. தமிழறிந்த பணியாளர் இல்லாத நூல்நிலையங்களில் இப்பொறுப்பைத் தமிழாசிரியர் ஏற்கலாம். தாம் உண்மையில் படித்த மூன்று நூல்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதி, நூல்நிலையப் பலகையிலோ கோயில் மண்டபத்திலோ ஒட்டுவது எவர்க்கும் இயல்வதே. அவ்வாறு செய்யின், ஆறாம் ஆண்டோடு நின்ற தமிழ்ப் படிப்பு மீண்டும் தொடர வழி பிறக்கும்.