பழைய ஒளிநாடாவும் வீட்டுக் கணிப்பொறியும்: விர்ச்சுவல்டப் – ஒரு மதிப்பீடு

உங்கள் வீட்டுப் பரணில் பழைய திருமண வீடியோ கேசட் கிடக்கிறதா? அதை ஓட்டிக்காட்டும் வி.எச்.எஸ். கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எஞ்சிய கருவிகள் பழுதாகும் முன் நாடாவிலுள்ள படத்தைக் கணிப்பொறிக்கு மாற்றிவிட வேண்டும். இதற்குப் பலரும் பரிந்துரைப்பது, ஏவரி லீ எழுதிய விர்ச்சுவல்டப் என்னும் இலவச மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. இன்றும் அது பயன்படுமா?

முதலில் ஒரு கணக்கு. நம் நாட்டின் 'பால்' முறைப் படத்தை எண்வடிவாக்கினால், ஒரு சட்டத்தில் 720 × 576 புள்ளிகள். நொடிக்கு 25 சட்டங்கள். புள்ளிக்கு 2 பைட் வீதம் நொடிக்குச் சுமார் 2 கோடி பைட். மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட்! இவ்வளவையும் தேக்க அஞ்சியே, மலிவான கருவிகளுடன் வரும் மென்பொருள்கள் பதியும்போதே படத்தை நசுக்கிவிடுகின்றன. நசுக்கியதை மீட்க இயலாது. விர்ச்சுவல்டப்போ, இழப்பின்றிச் சுருக்கும் முறையை நாமே தேர்ந்தெடுக்க விடுகிறது. இது அதன் முதற் சிறப்பு.

இரண்டாவது, ஒலி-ஒளிப் பொருத்தம். படத்தைப் பதியும் கருவிக்கும் ஒலி அட்டைக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. இரண்டும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறுபட்டாலும், ஒரு மணி நேர முடிவில் 0.36 நொடி விலகல். உதடு ஒருபுறம், பேச்சு ஒருபுறம்! இதை இம்மென்பொருள் ஓட்டத்திலேயே சரிசெய்கிறது. தவறிப்போன சட்டங்களையும் எண்ணிக் காட்டுகிறது.

குறைகளும் உண்டு. அமைப்புத் திரைகள் புதியவரை மிரட்டும். உயரத்தை 576க்குப் பதில் 288 என வைத்தால், ஒவ்வொரு சட்டத்திலும் பாதி வரிகள் போய்விடும். எச்சரிக்கை ஏதும் வராது. தொகுப்பு வேலையில் அதன் வலிமை வெட்டுவதும் ஒட்டுவதுமே. பல படத்தடங்களை அடுக்கிவைத்துத் தொகுக்க வழியில்லை.

எனவே, நாடாவைப் பதிய விர்ச்சுவல்டப்பைத் தயங்காமல் கொள்ளுங்கள். தலைப்பும் இசையும் சேர்த்து அழகுபடுத்த வேறொன்றை நாடுங்கள். முழு நாடாவுக்கு முன் ஐந்து நிமிடம் பதிந்து, தவறிய சட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். மூலப் பதிவை இரண்டு வட்டுகளில் வையுங்கள். நாடாவில் பேசுபவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை; அவர்கள் குரலை மறுபடி பதிய இயலாதன்றோ!