கிங்ஸ்டனா, லண்டனா? ‘கேட்ச் எ ஃபயர்’ மீதான நீண்ட வழக்கு

ரெக்கே இசையில் ஊறியவர்கள் நாலு பேர் கூடுமிடத்தில் ‘கேட்ச் எ ஃபயர்’ பற்றிப் பேச்செடுத்தால் அது விவாதத்தில்தான் போய் நிற்கும். 1973 ஏப்ரலில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். பாடியவர்கள் பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி லிவிங்ஸ்டன் என்ற மூவர். ஜமைக்காவின் இசையை உலகம் கேட்கத் தொடங்கியது இதிலிருந்துதான் என்கிறார்கள் சிலர். ஜமைக்காவின் இசை வெள்ளைக்காரக் காதுகளுக்காகத் திருத்தப்பட்டதும் இதிலிருந்துதான் என்கிறார்கள் வேறு சிலர். இந்த இரண்டு தீர்ப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே உண்மைபோல் ஆகிவிட்டன. பாட்டுகளை வைத்துச் சோதித்தால் இரண்டுமே பாதிதான் தேறுகின்றன.

முதலில் நடந்ததைப் பார்க்கலாம். 1972-இல் இந்த மூவரின் வெய்லர்ஸ் குழுவினர் இங்கிலாந்தில் கையில் காசில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐலண்ட் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல் ஜமைக்காவில் வளர்ந்தவர். அங்கேயே 1959-இல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் 4000 பவுண்டு முன்பணம் கொடுத்து, ஊருக்குப் போய் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்துவாருங்கள் என்று அனுப்பினார். அன்றைய ஜமைக்காவில் ரெக்கே என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பாட்டுத் தட்டுதான். ஒரு குழுவை நம்பி முழு ஆல்பத்துக்குப் பணம் கொடுப்பது அபூர்வம். பணம் திரும்பாது என்று அவரைப் பலர் எச்சரித்தார்கள். வெய்லர்ஸ் கிங்ஸ்டனின் டைனமிக் சவுண்ட்ஸ், ஹாரி ஜே, ராண்டிஸ் ஸ்டுடியோக்களில் வேலையை முடித்தார்கள். ஒலிநாடாக்களோடு மார்லி லண்டன் வந்தார்.

விவாதத்தின் வேர் அதன்பின் நடந்ததில் இருக்கிறது. லண்டன் ஸ்டுடியோவில் அந்த நாடாக்களின்மேல் புதிய வாசிப்புகள் சேர்க்கப்பட்டன. அலபாமாவைச் சேர்ந்த வெய்ன் பெர்கின்ஸ் கிட்டாரும், டெக்சாஸைச் சேர்ந்த ஜான் ‘ராபிட்’ பண்ட்ரிக் கீபோர்டும் வாசித்தார்கள். பெர்கின்ஸுக்கு ரெக்கே அதுவரை பழக்கமே இல்லை. கிங்ஸ்டன் கலவையில் முன்னால் நின்ற பேஸ் சற்றே பின்னுக்குப் போனது. சில பாட்டுகள் நீண்டன. ராக் ரசிகர்கள் ஒரு ராக் குழுவின் ஆல்பத்தை வாங்குவதுபோல் இதை வாங்க வேண்டும் என்பது பிளாக்வெல்லின் கணக்கு. சிகரெட் லைட்டர் வடிவில் திறந்து மூடும் அட்டைகூட அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

சேர்க்கைகள் இல்லாத கிங்ஸ்டன் கலவை 2001-இல் இரட்டைக் குறுந்தட்டுப் பதிப்பாக வெளிவந்தது. அதுவரை ஊகத்தில் நடந்த வாதத்துக்கு அன்றுதான் சாட்சியம் கிடைத்தது. ஆனால் பெரும்பாலான கேட்பாளர்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஆதாரமாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். தூய்மை விரும்புகிறவர்கள் கிங்ஸ்டனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பழைய தட்டோடு வளர்ந்தவர்கள் லண்டனை விட்டுக்கொடுப்பதில்லை. பாட்டு பாட்டாகக் கேட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. அதைச் செய்தால்தான் நியாயம் பிறக்கும்.

‘கான்கிரீட் ஜங்கிள்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. நகரத்தின் கான்கிரீட்டுக்குள் வாழ்வின் இனிமையைத் தேடி அலைகிறவனின் குரல் அது. கிங்ஸ்டன் கலவையில் பாட்டு இறுக்கமாக, வறண்டு ஒலிக்கிறது. அதற்கு அது பொருத்தமும்கூட. லண்டன் கலவையில் கீபோர்டு மெல்லச் சுழன்று வர, தாளம் தயங்கித் தயங்கி உள்ளே நுழைகிறது. நடுவில் பெர்கின்ஸின் கிட்டார் தனியாக எழுந்து, ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது. தூய்மைவாதிகள் வெறுக்கும் இடம் இது. என் காதுக்கு இங்கே லண்டன்தான் வெல்கிறது. மார்லி இந்தப் பாட்டை அடக்கிப் பாடுகிறார், எங்கும் கதறுவதில்லை. அவர் அடக்கிவைத்த கதறல் கிட்டாரில் வெளிப்படுகிறது. பாட்டின் பொருளுக்கு உதவும் வாசிப்பை, வாசித்தவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துத் தள்ளுவது விமர்சனமாகாது.

‘ஸ்டிர் இட் அப்’ கதை வேறு. மார்லி 1960-களிலேயே எழுதிய காதல் பாட்டு இது. 1972-இல் ஜானி நாஷ் பாடி பிரிட்டனில் வெற்றி பெற்றது. கிங்ஸ்டன் கலவையில் மூன்றரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் இந்தப் பாட்டு, லண்டனில் ஐந்தரை நிமிடமாகிறது. கூடுதல் நேரத்தில் கிட்டாரும் சிந்தசைசரும் கொஞ்சிக்கொண்டே போகின்றன. பாட்டே இனிப்பானது; அதன்மேல் பாகும் ஊற்றினால் திகட்டத்தான் செய்யும். மூவரின் இணைக்குரலும் பேஸின் நடையும் நெருங்கி நின்று பேசுவதைக் கேட்க வேண்டுமானால் கிங்ஸ்டன் கலவைக்குத்தான் போக வேண்டும். ‘பேபி வீ’வ் காட் எ டேட்’ பாட்டிலும் இதே நிலைதான். பெர்கின்ஸின் வழுக்குக் கிட்டார் அமெரிக்கக் கிராமிய வாசனையைக் கொண்டுவருகிறது. சுமாரான பாட்டை அந்த வாசனை காப்பாற்றவில்லை.

தூய்மைவாதிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. பெர்கின்ஸ் வாசித்தது மேலே சொன்ன மூன்று பாட்டுகளில் மட்டுமே. மீதி ஆறில் வெளியூர்க் கிட்டார் இல்லை. ஆல்பத்தின் தலைப்பே ‘ஸ்லேவ் டிரைவர்’ பாட்டிலிருந்து வந்தது. கசையடியின் நினைவு ரத்தத்தை உறையவைப்பதைப் பாடும் அந்தப் பாட்டை இரண்டு கலவைகளிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சாரம் அப்படியே இருக்கிறது. டாஷ் எழுதிப் பாடிய ‘400 இயர்ஸ்’ பாட்டும் அப்படித்தான். லண்டன் இந்த ஆல்பத்தை விழுங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு, ஒன்பதில் மூன்று பாட்டுகளை வைத்து முழு ஆல்பத்துக்கும் எழுதப்பட்ட தீர்ப்பு.

ஆனால் தூய்மைவாதிகள் சொல்லும் இன்னொரு குறை வலுவானது: பேஸ். ரெக்கேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் டிரம்ஸ் முதல் தட்டை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாம் தட்டில் விழுகிறது. கிட்டார் இடைத்தட்டுகளில் வெட்டுகிறது. நடுவில் உண்டாகும் வெற்றிடத்தில் பேஸ் ஒரு தனிப் பாட்டையே பாடுகிறது. இந்தத் தாளத்தை ஆண்டவர்களில் முதன்மையானவர் வெய்லர்ஸின் டிரம்மர் கார்ல்டன் பாரெட். அந்த பேஸின் பெரிய ஆசான் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட். ‘கான்கிரீட் ஜங்கிள்’ பாட்டில் மட்டும் பேஸ் வாசித்தவர், அப்போது இருபது வயதுகூட நிரம்பாத ராபி ஷேக்ஸ்பியர். ராக் இசையில் பேஸ் பக்கவாத்தியம்; ரெக்கேயில் அது நடுநாயகம். அதைக் குறைப்பது குரலைக் குறைப்பதற்குச் சமம். லண்டன் கலவை செய்த உண்மையான சேதம் இதுதான். கிட்டாரைச் சேர்த்ததை மன்னித்துவிடலாம். பேஸைக் குறைத்ததை மன்னிப்பதற்கில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். அந்தச் சேர்க்கைகள் இல்லையென்றால் மார்லியை உலகம் அறிந்திருக்காது என்கிறார்கள். வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. வெளிவந்தபோது விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால் விற்பனை பெரிதாக இல்லை. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1975-இல்தான் தலைகாட்டியது. அதுவும் 171-ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. கதவைத் திறந்தவை வேறு நிகழ்ச்சிகள். 1974-இல் எரிக் கிளாப்டன் மார்லியின் ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’ பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் மார்லி மேடையில் பாடிய ‘நோ வுமன் நோ க்ரை’ பிரிட்டனின் வெற்றிப் பட்டியலில் ஏறியது. முதலாவது இன்னொருவர் பாடியது. இரண்டாவது மேடையில் நேரடியாகப் பதிவானது. ‘கேட்ச் எ ஃபயர்’ ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்ட கிட்டாருக்கு இவை இரண்டிலும் பங்கில்லை.

இன்னும் வலுவான சான்று 1973-இல் பிபிசியின் ‘ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்’ நிகழ்ச்சியில் இருக்கிறது. பெர்கின்ஸும் பண்ட்ரிக்கும் இல்லாமல் வெய்லர்ஸ் அங்கே ‘கான்கிரீட் ஜங்கிள்’, ‘ஸ்டிர் இட் அப்’ இரண்டையும் வாசித்தார்கள். பாட்டில் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. இந்தக் குழுவுக்கு ஊன்றுகோல் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாவது தரப்பும் உண்டு. வெய்லர்ஸின் உச்சம் 1970, 71-இல் தயாரிப்பாளர் லீ பெர்ரியோடு செய்த பதிவுகளே, இந்த ஆல்பம் இறங்குமுகம் என்பது அவர்கள் கட்சி. பெர்ரியின் பதிவுகளில் உள்ள முரட்டு நேர்மைக்கு ஈடில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘400 இயர்ஸ்’ பெர்ரி தயாரித்த ‘சோல் ரெபல்ஸ்’ ஆல்பத்திலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், 1973-இல் டாஷின் குரலில் ஏறியிருக்கும் கனம் தெரியும். நானூறு ஆண்டு அடிமைத்தனத்தைப் பாடுகிறவன் அவசரப்படுவதில்லை என்பதை அவர் இதற்குள் கற்றுக்கொண்டிருக்கிறார். இதை இறங்குமுகம் என்று சொல்ல முடியாது.

கலகப் பாட்டுகளுக்கு நடுவே காதல் பாட்டுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜமைக்காவின் நடனக் கூடங்களில் காதலும் கண்டனமும் ஒரே இரவில், ஒரே ஒலிபெருக்கியில் ஒலித்தவை. அவற்றைப் பிரிக்கச் சொல்வது நாம் வெளியிலிருந்து கொண்டுபோகும் எதிர்பார்ப்பு. ஆகவே காதல் பாட்டு இருப்பது குறையல்ல. பலவீனமான பாட்டு இருப்பதுதான் குறை. அந்தக் கணக்கில் ‘பேபி வீ’வ் காட் எ டேட்’ தேறாது. ‘கிங்கி ரெக்கே’ தாளத்தால் மட்டும் தப்பிக்கிறது. இந்த இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டு, நட்பையும் தாயின் வேண்டுதலையும் பாடும் ‘ஹை டைட் ஆர் லோ டைட்’ பாட்டை விட்டுவிட்டார்கள். 1992-இல் ‘சாங்ஸ் ஆஃப் ஃப்ரீடம்’ தொகுப்பில்தான் அது வெளியே வந்தது. ஆல்பத்தின் பெரிய தேர்வுப் பிழை இதுவே.

இவ்வளவு சொன்ன பிறகும் லண்டன் தரப்பின் பக்கம் ஒரு பெரிய நியாயம் மிஞ்சுகிறது: வரிசை. முதல் பக்கம் ‘கான்கிரீட் ஜங்கிள்’ பாட்டின் நகரச் சிறையில் தொடங்குகிறது. அடுத்து ‘ஸ்லேவ் டிரைவர்’ அந்தச் சிறையைக் கட்டியவன் யார் என்று காட்டுகிறது. ‘400 இயர்ஸ்’ அதன் வயதைச் சொல்கிறது. ‘ஸ்டாப் தட் டிரெய்ன்’ அங்கிருந்து போய்விடத் துடிக்கும் தனியாளின் மனம். நான்கு பாட்டுகளும் சேர்ந்து ஒரே நீண்ட வாதமாகின்றன. இரண்டாம் பக்கத்தின் முடிவில் ‘நோ மோர் டிரபிள்’ அன்பை மன்றாடுகிறது. ‘மிட்நைட் ரேவர்ஸ்’ விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலை நினைவூட்டும் காட்சிகளோடு கலக்கத்தில் முடிகிறது. 2001 பதிப்பின் கிங்ஸ்டன் தட்டில் பாட்டுகள் வேறு வரிசையில் நிற்பதால் இந்த வாதம் சிதறிப்போகிறது. அது அருமையான பாட்டுகளின் தொகுதியாக இருக்கிறது. லண்டன் தட்டு ஒரு நூலாக இருக்கிறது.

கேட்பாளர்கள் போதிய அளவு பேசாத அநீதி ஒன்றும் உண்டு. முதல் அட்டையில் இருந்த பெயர் ‘தி வெய்லர்ஸ்’. லைட்டர் அட்டை 20,000 பிரதிகளோடு நின்றது. பிறகு வந்த அட்டையில் எஸ்தர் ஆண்டர்சன் எடுத்த மார்லியின் தனிப்படம். பெயரும் ‘பாப் மார்லி அண்ட் தி வெய்லர்ஸ்’ என்று மாறியது. படம் அழகானதுதான். ஆனால் முதல் பக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாட்டுகள் டாஷ் எழுதியவை. அந்த ஆல்பம் முழுக்க நம்மைப் பற்றிக்கொள்ளும் இணைக்குரலில் மேலே மிதப்பது பன்னியுடையது. அந்த ஆண்டே வந்த ‘பர்னின்’ ஆல்பத்துக்குப் பிறகு இருவரும் பிரிந்தார்கள். மூன்று சமமான குரல்கள் உலகச் சந்தையைப் பார்த்து ஒன்றாகப் பாடியவை இந்த இரண்டு ஆல்பங்கள்தாம். ஒருவரின் புகழுக்கு முன்னுரையாக மட்டும் இதைக் கேட்கிறவர்கள் பாதி ஆல்பத்தை இழக்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. ‘கேட்ச் எ ஃபயர்’ முதல் வரிசை ஆல்பம். குறையற்ற ஆல்பம் அல்ல. ஒன்பதில் இரண்டு பாட்டுகள் மற்றவற்றின் தரத்துக்கு இல்லை. லண்டன் கலவை ‘கான்கிரீட் ஜங்கிள்’ பாட்டை உயர்த்தியது, ‘ஸ்டிர் இட் அப்’ பாட்டைத் தளர்த்தியது, ஆல்பம் முழுக்க பேஸைக் குறைத்தது. ஆனாலும் வரிசையின் பலத்தால், ஆல்பம் என்ற முறையில் அதுவே மேலானது. கிங்ஸ்டன் கலவை அதற்கு மாற்று ஆகாது. அதைச் சரியாகக் கேட்கக் கற்றுத்தரும் துணை. இதன் பெருமைக்குக் காரணமான தாளமும் மூன்று குரல்களும் இரண்டிலும் ஒன்றே. அவை கிங்ஸ்டனில் பிறந்தவை.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இதைக் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். அதில் பேஸ் கேட்காது, பேஸ் இல்லாமல் இந்த இசையே இல்லை. நல்ல ஹெட்போனில் முதலில் லண்டன் தட்டை முழுதாக, வரிசை மாற்றாமல் கேளுங்கள். மறுநாள் கிங்ஸ்டன் தட்டைக் கேளுங்கள். அதன்பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும், அது நீங்களே கேட்டு எடுத்த முடிவாக இருக்கட்டும்.