பதிவேட்டில் பேர் ஏறுவதற்கு முன்னால்

குழந்தைகள் மீதான வன்கொடுமைச் செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும். "தண்டனை வாங்குனவன் போட்டோவ ஊர் நடுவுல ஒட்டணும் சார். ஜெயில்ல இருந்து வந்தாலும் எங்க இருக்கான்னு தெரியணும்." போன வாரம் அரூரில் இதையே மறுபடியும் கேட்டேன். கோபம் நியாயம்தான். ஆனா அது நம்ம பிள்ளைகளைக் காப்பாற்றுமா?

இந்த யோசனை அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. 1994இல் நியூஜெர்சியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவன் அதே தெருக்காரன். முன்பே சிறுவர்கள் மீதான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன். அது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதிலிருந்து வந்ததுதான் 1996ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே தண்டனை பெற்றவர் தன் முகவரியைக் காவல்துறையில் பதிய வேண்டும். தவறினால் அதுவே தனிக் குற்றம். அந்த விவரத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

இந்தியாவிலும் பதிவேடு உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. அன்றே அதில் 4.4 லட்சம் பதிவுகள். பராமரிப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். காவல்துறை, புலனாய்வு அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். டீக்கடை நண்பர் கேட்பது இதைத் திறந்துவிடச் சொல்லித்தான்.

இங்கேதான் வாச்சாத்தி நினைவுக்கு வருது. அரூரிலிருந்து தூரமில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அதில் சிறுமிகளும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள், 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்காக. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல்.

குற்றத்துக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவில் 19 வருஷம். தண்டனைக்குப் பிறகுதான் பதிவேட்டில் பேர் ஏறும். அந்த 19 வருஷமும் அது வெற்றுத்தாள்தானே? அதுமட்டுமில்லை. பதிவேட்டின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அந்தத் துறை ஆட்களே இந்த வழக்கில் குற்றவாளிகள்.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. தரவுத்தளம் தொடங்கி இரண்டே மாதத்தில், 2018 நவம்பரில், இதே அரூர் பக்கத்து மலைக்கிராமத்தில் பழங்குடி மாணவி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளாகி இறந்துபோனாள். புகாரை உரியபடி பதியவில்லை என்று போலீஸ் மீதே குற்றச்சாட்டு எழுந்தது.

இன்னொன்று. போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் செய்தவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். சித்தப்பா போட்டோவைச் சுவரில் ஒட்டினால் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ 23ஆம் பிரிவு. அப்படி ஒட்டுவார்கள் என்றால் எந்த அம்மா ஸ்டேஷன் படி ஏறுவார்?

பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளி, விடுதிகளில் ஆள் எடுக்கும்போது காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம் என்கிறது 2020ஆம் ஆண்டு போக்சோ விதி. பதிவேடு உண்மையிலேயே உதவுவது அங்கேதான். சித்தேரி, சிட்லிங்கி மலைப்பிள்ளைகள் வீட்டைவிட்டு விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். அங்கே வேலைக்கு வருகிற வாத்தியார், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரையும் சரிபார்த்திருக்கிறார்களா? சுவரொட்டி கேட்பதற்குப் பதில் இதைக் கேட்கலாம்.

புகாரைப் பதியாத அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று போக்சோ 21ஆம் பிரிவிலேயே இருக்கு. விசாரணையை முடிந்தவரை ஒரு வருஷத்துக்குள் முடிக்கணும் என்றும் இருக்கு. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால்தான் பதிவேட்டில் எழுதவே பேர் கிடைக்கும். வாச்சாத்திச் சிறுமிகள் அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.